வற்று நீரில் யாரும் படகு இறக்குவதில்லை

வில்லசால்
10 மே 1939

அம்மா,

இந்தக் கடிதம் நான் துவைத்துக் கொடுத்தனுப்புகிற உன் வெள்ளைப் பாவாடையின் இடுப்புப் பட்டிக்குள் இருக்கிறது. நீ சொன்னபடியே பழைய நூலைப் பிரித்து, அதே ஓட்டைகளில் ஊசியை விட்டுத் தைத்திருக்கிறேன். சிறை அதிகாரிகள் படித்துவிட்டுக் கொடுக்கிற அட்டையில் நான் நலம், நீ நலமா என்பதற்கு மேல் எதுவும் எழுத எனக்குக் கை வரவில்லை.

போன வியாழக்கிழமை நான் வாயைத் திறக்கவில்லை என்று உனக்கு வருத்தம். இரண்டு கம்பி வலை, நடுவில் நடந்துகொண்டே இருக்கிற காவல்காரி, இந்தப் பக்கம் முப்பது பேர், அந்தப் பக்கம் முப்பது பேர். எல்லாரும் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள். காளைச் சண்டைத் திடலில் ஐயாயிரம் பேருக்கு முன்னால் பேசியவள் நீ. "சாப்பிடுறியாடி? கை ஏன் இப்படி வெடிச்சிருக்கு?" என்று நீ கேட்டதும் பக்கத்தில் நின்ற கிழவர்கூட என் கையைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். பத்து நிமிடம் முடிந்துவிட்டது.

சொல்ல வந்தது இதுதான். போரில் ஜெயித்த ராணுவம் உனக்காக நியமித்திருக்கும் வக்கீல் லெப்டினன்ட்டைப் போய்ப் பார்த்தேன். இரண்டு மணி நேரம் நடைபாதையில் நின்றேன். அவர் சொன்னது அப்படியே:

"உங்கம்மா மேல ரெண்டு குற்றம். கம்யூனிஸ்ட் பிரதிநிதியா பாராளுமன்றத்துல உக்காந்தது ஒண்ணு. அது ஊருக்கே தெரியும், அதுக்கு ஜெயில்தான். இன்னொண்ணு, முப்பத்தாறு ஆகஸ்டுல உங்க ஊர்ல ஏழு பேரை லாரியில ஏத்திட்டுப் போயி சுட்டாங்களே, அது அவ உத்தரவுன்னு எழுதியிருக்கு. அதுக்குத் தலை போயிடும். எங்க பக்கத்து ஆளு, நல்ல குடும்பத்து ஆளு யாராவது அவளுக்காக எழுத்துல சான்று கொடுத்தா தப்பிக்கலாம். ஜூன் கடைசியில விசாரணை."

அந்த ஏழு பேரில் ஒருவர் எங்கள் நெத்திலித் தொழிற்சாலை முதலாளி. அவர் மனைவி பெர்பெத்துவா அம்மாள் அப்போது தப்பித்தது நீ ஏற்றிவிட்ட படகில் என்று உப்புத் தொட்டிப் பக்கம் பெண்கள் முணுமுணுக்கிறார்கள். அவரிடம் போய்ச் சான்று கேட்கலாம் என்று இருக்கிறேன். கேட்க எப்படி வாய் வரும் என்று தெரியவில்லை. போகட்டுமா?

ஒலாயா


மாகாணச் சிறை
16 மே

ஒலாயா,

போகாதே.

படகு என்றால் அதை வலித்தவன் ஒருவன் இருப்பான். உங்கள் தொழிற்சாலைக்கு உப்பு கொண்டுவருகிற செலெடோதான் அவன். அவன் எங்கள் ஆள் என்பது வில்லசாலில் யாருக்கும் தெரியாது, அவனுடைய கழுதைக்கும் தெரியாது. அந்த அம்மாள் படகு என்று எழுதினால் யார் வலித்தது என்று கேட்பார்கள். செலெடோ என்றால், கசில்டா இவனை ஏன் நம்பினாள் என்று என்னைப் பற்றி அடுத்த கேள்வி வரும். அந்தக் கேள்வியை அவர்கள் எப்படிக் கேட்பார்கள் என்பதை இங்கே என் பக்கத்தில் படுத்திருக்கும் பெண்ணின் முதுகில் பார்க்கலாம். செலெடோ இன்றும் ஒரு வேலை செய்கிறான். அது என்ன என்று எழுதமாட்டேன். சிலர் உயிர் அவன் படகில் இருக்கிறது. என் தலையை மீட்க அவன் தலையை நீட்டமாட்டேன்.

இன்னொரு காரணமும் உண்டு. அவர் கணவரை லாரியில் ஏற்றியது செவ்வாய்க்கிழமை. அன்று நான் மாகாணத் தலைநகரில் ஒரு கூட்டத்தில் இருந்தேன், ஊருக்கு ரொட்டி மாவு கேட்டுக்கொண்டு. புதன்கிழமைதான் வந்தேன். மனைவியை மட்டும்தான் காப்பாற்ற முடிந்தது. லாரியை ஓட்டியவர்கள் எங்கள் பக்கத்து ஆட்கள். அன்று மாலை சதுக்கத்தில் நின்று அவர்கள் பெயரைச் சொல்லிக் கொலைகாரர்கள் என்று கத்தினேன். நீ கூட்டத்தில் காதைப் பொத்திக்கொண்டு நின்றாய், பார்த்தேன். கத்தியதால் ஒரு நாள் திரும்பி வந்துவிடாது. அந்த அம்மாளின் வாசலில் நிற்க எனக்கு முகம் இல்லை.

நேற்று ஒரு காகிதம் கொண்டுவந்தார்கள். கட்சி என்னை ஏமாற்றிவிட்டது என்று கையெழுத்துப் போட்டால் பத்திரிகையில் அச்சடிப்பார்களாம். பத்தொன்பது வயதில், பன்னிரண்டு மணி நேரம் மீன் அறுத்த விரல்களால், தொழிற்சங்க மாடியில் உட்கார்ந்து எழுதக் கற்றவள் நான், அந்த எழுத்தை இதற்குச் செலவழிக்கமாட்டேன் என்றேன். "அப்போ கைநாட்டாவது வையேன்" என்றான் குமாஸ்தா. நல்லவன். அறை முழுக்கச் சிரித்தோம்.

கைக்குப் பன்றிக் கொழுப்பு தடவு. போகாதே.

அம்மா


வில்லசால்
24 மே

அம்மா,

போனேன்.

உன் கடிதத்தை மீன் லாரியில் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து படித்தேன். சனிக்கிழமை வரை நீ சொன்னதைக் கேட்கிற பெண்ணாகத்தான் இருந்தேன். பிறகு யோசித்தேன். முப்பத்து நான்கில் நீ ஜெயிலுக்குப் போனாய், என்னைச் சித்தி வீட்டில் விட்டாய். முப்பத்தாறில் மாட்ரிடுக்குப் போனாய். அப்பா போர்முனையில் செத்த செய்தியையும் சித்திதான் சொன்னாள். பள்ளிக்கூடம் அடுத்த வருஷம் என்றாய். அந்த அடுத்த வருஷத்துக்குள் தொழிற்சாலைச் சங்கு ஊதிவிட்டது. இத்தனையிலும் ஒரு தடவைகூட "ஒலாயா, போகட்டுமா?" என்று நீ என்னைக் கேட்டதில்லை. நான் கேட்டேன் பார், அதுதான் தப்பு.

பெர்பெத்துவா அம்மாள் சமையலறையில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். என்னை நிற்க வைத்தே பேசினார்.

"யாருடி நீ?"

சொன்னேன்.

"சத்தமாப் பேசு. எனக்குக் காது நல்லாத்தான் இருக்கு. உனக்குத்தான் வாய் இல்ல."

மறுபடி சொன்னேன்.

"கசில்டா மகளா? அவ வாயில கால்வாசி உனக்கு வந்திருந்தாக்கூட இந்நேரம் மேஸ்திரி ஆகியிருப்ப. என்ன வேணும்? அவ தலையா?" பட்டாணியைக் கிண்ணத்தில் போட்டார். "உங்கம்மா ஒரு நாள் முன்னாடி வந்திருக்கணும்."

"ஆமாங்கம்மா. அவங்களும் அதையேதான் எழுதியிருக்காங்க."

உரிப்பதை நிறுத்திவிட்டார். கிண்ணத்தைத் தள்ளி வைத்தார்.

"அப்படியா எழுதியிருக்கா," என்றார். "வேற எவளா இருந்தாலும் பத்துக் காரணம் சொல்லியிருப்பா. சரி. அவ எனக்கு விரோதிதான். மூணு தடவை ஸ்டிரைக் பண்ணி என் பிழைப்ப மூடவச்சவ. ஆனா என் புருஷனைக் கொன்னது அவ இல்ல. அத எழுத எனக்கென்ன பயம்? எங்க பேனா? அந்தப் படகுக்காரன் பேரு..."

"அம்மா, படகை வலிச்சது நான்."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீயா? அன்னிக்கு வலிச்சவனுக்கு மீசை இருந்துச்சு."

"பனிமூட்டமா இருந்துச்சுங்கம்மா."

"என் மூக்குக்கு முன்னால இருந்த மீசைடி அது." பிறகு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஓ. சரி. மீசை இல்ல. ஏன்னு எனக்குத் தெரிய வேண்டாம். ஆனா நம்ம ஊர்ல பொம்பளை படகுல கால வச்சா மீன் ஓடிரும்பாங்க. துடுப்பத் தொட்டவ ஒருத்திகூடக் கிடையாது. உன்னக் கூப்பிட்டு விசாரிப்பாங்க. என்ன பண்ணுவ?"

"கத்துக்குவேன்."

அம்மா, அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. பதின்மூன்று வயதில் அம்மா சொன்னதைச் செய்த பெண்ணை அவர்கள் என்ன செய்துவிட முடியும்? கசில்டா செலெடோவை ஏன் நம்பினாள் என்று கேட்பார்கள். மகளை ஏன் நம்பினாள் என்று யாரும் கேட்கமாட்டார்கள். (கேட்டால் எனக்கே பதில் தெரியாது.)

சான்று திங்கட்கிழமை போகிறது. துடுப்பு வலிப்பது எப்படி என்று எழுது. சின்ன வயதில் தாத்தாவின் படகில் நீ திருட்டுத்தனமாகப் போவாய் என்று சித்தி சொல்லியிருக்கிறாள்.

ஒலாயா


மாகாணச் சிறை
30 மே

ஒலாயா,

உன்மேல் கோபம் அப்படியே இருக்கிறது. அதற்கு வேறு நாள் வரும். முதலில் கயிற்றை நனை.

படகின் விளிம்பில் இந்தப் பக்கம் ஒரு முளை, அந்தப் பக்கம் ஒரு முளை. துடுப்பில் கயிற்று வளையம் இருக்கும். அதைக் கடல் தண்ணீரில் நனைத்துவிட்டுத்தான் முளையில் மாட்ட வேண்டும். காய்ந்த கயிறு கீச்சிடும், அறுந்தும் போகும். நனைக்காமல் மாட்டினாலே நீ பொய் சொல்கிறாய் என்று கரையில் நிற்பவனுக்குத் தெரிந்துவிடும்.

போகிற பக்கம் முதுகைக் காட்டி உட்கார். ஊர் உன் முகத்துக்கு எதிரே இருக்கும். தேவாலயக் கோபுரத்தையும் தொழிற்சாலைப் புகைபோக்கியையும் ஒன்றன் பின் ஒன்றாக வை. இரண்டும் பிரிந்தால் நீ கோணலாகப் போகிறாய். கையால் வலிக்காதே, காலை உதைத்து முதுகால் வலி. உன் கையைப் பார்க்காதே. தண்ணீருக்குள் துடுப்பை ஆழமாகப் போடாதே, அது உன்னைத் தூக்கிப் போட்டுவிடும்.

அந்த அம்மாளைப் படகில் ஏற்றிவிட்ட அன்று காலை ஐந்தரை மணிக்கு நீர் நிரம்பியிருந்தது. மணல்திட்டுக்கு வெளியே ஆங்கிலக் கப்பல் நின்றது. இதை மனப்பாடம் செய்.

துறைமுக வாயில் மணல்திட்டைப் பற்றி. நீர் ஏறி, முக்கால்வாசி நிரம்பிய பிறகுதான் அதைத் தாண்டலாம். நீர் வற்றும்போது ஆறு வெளியே தள்ளும், கடல் உள்ளே தள்ளும், இரண்டும் அந்தத் திட்டின் மேல் அடித்துக்கொள்ளும். வற்று நீரில் வில்லசாலில் யாரும் படகு இறக்குவதில்லை. என் பெரியப்பா இறக்கினார். கல்லறையில் அவர் பெயர் இருக்கிறது, அவர் இல்லை.

என் அப்பாவுக்கு ஆண் பிள்ளை இல்லை. தன் தொப்பியை என் தலையில் கவிழ்த்து விடியற்காலையில் கூட்டிப் போவார். மூன்று வருஷம் யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஒரு நாள் காற்றில் தொப்பி பறந்தது. அந்த வாரம் யாருக்கும் மீன் கிடைக்காததற்கெல்லாம் நான்தான் காரணம் என்றார்கள். பதினோரு வயதில் என்னை மீன் அறுக்க அனுப்பினார்கள். ஊர் முழுக்க ஒன்றாகச் சேர்ந்து சொல்கிற எதையும் ஒரு தடவை சந்தேகப்பட வேண்டும் என்று அன்று தெரிந்துகொண்டேன். மற்றதெல்லாம் கட்சியில் பிறகு கற்றது.

மகளை ஏன் நம்பினாள் என்று கேட்டால் இப்படிச் சொல்: இவள் வாயைத் திறக்கமாட்டாள் என்று அம்மாவுக்குத் தெரியும். பொய்யில்லை.

அம்மா


வில்லசால்
14 ஜூன்

அம்மா,

சாப்பாட்டு வேளையில் உப்புப் பெட்டிமேல் உட்கார்ந்து இரண்டு விளக்குமாற்றுக் கட்டையை வைத்து வலித்துப் பார்த்தேன். மறைவாகத்தான் செய்தேன். ஆனாலும் பார்த்துவிட்டார்கள்.

"என்னடி, அமெரிக்காவுக்கா?"

"போற வழியில எனக்கொரு புருஷனைப் பார்த்துட்டு வாடி, பல்லு இருக்கணும்."

"இவ எங்க கேக்கப் போறா? நீயே கூடப் போ."

காது வரை சிவந்துபோனது. நிறுத்தவில்லை. முதுகு வலிக்கிறதா என்று மட்டும் கவனித்தேன். வலித்தது. சரியாகத்தான் செய்கிறேன் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஊர் முழுக்கப் பூசையில் இருக்கும்போது துறைக்குப் போனேன். செலெடோ மாமா எப்போதும் துடுப்பைத் தோளில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார். அன்று இரண்டும் படகிலேயே கிடந்தன. முதலில் அரை மணி நேரம் ஒரே இடத்தில் சுற்றினேன். ஒரு கடல் காக்கை என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. மறுநாள் உப்பு இறக்கும்போது அவர் என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "துடுப்ப மறந்துட்டேன். வயசாகுது. அடுத்த ஞாயித்துக்கிழமையும் மறப்பேன்னு நினைக்கிறேன்." மறந்தார்.

இரண்டு ஞாயிறாகக் காணோமே என்று பாதிரியார் கேட்டார். வயிற்று வலி என்றேன். எனக்குப் பொய் இவ்வளவு எளிதாக வரும் என்று தெரியாது.

படகைப் பற்றி என்னை விசாரிக்க, திங்கட்கிழமை பத்தொன்பதாம் தேதி வரச் சொல்லிக் காகிதம் வந்திருக்கிறது. போவேன்.

ஒலாயா


வில்லசால்
21 ஜூன்

அம்மா,

முடிந்தது. நடந்தபடி எழுதுகிறேன்.

விசாரணை செய்த கேப்டன் உள்நாட்டுக்காரர், கோதுமை விளைகிற பக்கம். சண்டைக்கு முன்னால் கடலையே பார்த்ததில்லையாம். மேஜையில் பெர்பெத்துவா அம்மாளின் சான்று இருந்தது.

"நீதான் ஓட்டுனியா?"

ஆமாம் என்றேன். கேட்கவில்லை என்றார். மறுபடி சொன்னேன். எத்தனை மணி, எந்தக் கப்பல் எல்லாம் சொன்னேன். ஒவ்வொன்றையும் மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது.

"ஊர்ல இத்தனை ஆம்பளை இருக்கும்போது உன்னை எதுக்கு அனுப்பினா?"

"நான் வாயத் தொறக்க மாட்டேன்னு."

குமாஸ்தா சிரித்துவிட்டார். கேப்டன் சிரிக்கவில்லை. "யாரோ ஒருத்தனை மறைக்கிற நீ. வா, ஓட்டிக் காட்டு" என்று எழுந்துவிட்டார்.

துறைக்கு வந்தோம். துறைமுகக் காவலர் பெனிக்னோவைச் சாட்சிக்குக் கூப்பிட்டுக்கொண்டார். அவர் நாற்பது வருஷம் கடலில் போனவர். தொழிற்சாலைப் பெண்கள் எல்லாரும் ஏப்ரனோடு படிக்கட்டில் வந்து நின்றார்கள். செலெடோ மாமா உப்பு மூட்டையை இறக்கிக்கொண்டே இருந்தார், ஒரு மூட்டைகூடத் தவறவில்லை. நான் துடுப்புக் கயிற்றை நனைத்தேன். பெனிக்னோ அதைப் பார்த்தார்.

"அந்தத் திட்டுக்கு வெளிய மிதவை தெரியுதுல்ல? அது வரைக்கும் போயிட்டு வா," என்றார் கேப்டன்.

மணி பதினொன்று. திரும்பிப் பார்த்தேன். நீர் வற்றிக்கொண்டிருந்தது. திட்டின் மேல் வெள்ளையாக நுரை எழும்பி விழுந்தது. ஏறமாட்டேன் என்றால் பொய் சொன்னாள் என்று எழுதிவிடுவார்கள், உன் கதை முடிந்தது. ஏறினால் என் கதை முடிந்தது, பிறகு உன்னுடையதும். ஒரு கால் படகில், ஒரு கால் படியில். ஏறிவிடலாம் என்றுதான் நினைத்தேன். பெரியவர்கள் சொன்னால் செய்வதுதான் எனக்குப் பழக்கம்.

"மாட்டேன்," என்றேன்.

"என்ன சொன்ன?"

"மாட்டேன். நீர் வத்துது. இந்த நேரத்துல இங்க யாரும் படகு இறக்கமாட்டாங்க. சாயங்காலம் ஆறு மணிக்கு வாங்க. ஓட்டறேன்."

இந்தத் தடவை அவர் மறுபடி கேட்கவில்லை. படிக்கட்டில் நின்ற பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அவ்வளவு சத்தமாகச் சொல்லியிருக்கிறேன்.

"பாத்தியா," என்று குமாஸ்தாவிடம் திரும்பினார் கேப்டன். "ஓட்டத் தெரியாது. எழுதிக்கோ."

பெனிக்னோ தொப்பியைக் கழற்றினார். "கேப்டன் ஐயா, தெரியாதவளா இருந்தா ஏறியிருப்பா. இந்நேரம் நாம பொணத்தத் தேடிக்கிட்டு இருப்போம். வத்து நீர்ல போகமாட்டேன்னு சொல்றதுக்குத் தெரிஞ்சிருக்கணும். நான் இருந்தாலும் மாட்டேன்னுதான் சொல்லுவேன், ஆனா ஐயா முன்னாடி இவ்வளவு தைரியமாச் சொல்லியிருக்க மாட்டேன்."

ஆறு மணிக்கு வந்தார்கள். ஓட்டினேன். கோணலாகத்தான் போனேன், இரண்டு தடவை துடுப்பு தண்ணீரைத் தொடாமலே காற்றில் போனது. கோபுரமும் புகைபோக்கியும் பிரிந்து பிரிந்து சேர்ந்தன. திட்டைத் தாண்டும்போது படகு ஒரு முறை தூக்கிப் போட்டது, அவ்வளவுதான். மிதவையைத் தொட்டுவிட்டுத் திரும்பியபோது கேப்டன் சிகரெட் பற்றவைத்துக்கொண்டு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். சலித்துவிட்டது அவருக்கு. காகிதத்தை உப்பு மூட்டைமேலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

படியேறும்போது பெனிக்னோ மெதுவாகச் சொன்னார்: "வலது கை ரொம்ப பலவீனமா இருக்கு. மூணு வருஷமா ஓட்டல போல."

"ஆமாங்க," என்றேன்.

கைத்தோல் உரிந்துவிட்டது. உப்பில் வைத்தால் எரிகிறது. வேறொன்றுமில்லை.

ஒலாயா


மாகாணச் சிறை
11 ஜூலை

ஒலாயா,

ராணுவ நீதிமன்ற விசாரணை பதினாறு நிமிடம் நடந்தது, ஒன்பது பேருக்கும் சேர்த்து. அரசாங்க வக்கீல் தலையைக் கேட்டார். பிறகு பெர்பெத்துவா அம்மாளின் காகிதத்தைப் படித்தார்கள். கொல்லப்பட்டவரின் மனைவியே எழுதியதை எப்படித் தள்ளுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அந்த ஏழு பேரைக் கொன்ற குற்றத்தை என்மேலிருந்து எடுத்துவிட்டார்கள். கலகத்துக்குத் துணை போனதாக முப்பது வருஷம். அரசாங்கத்தைக் கவிழ்த்தவர்கள் அவர்கள். அதைக் காப்பாற்ற நின்ற என்னைக் கலகக்காரி என்று எழுந்து நின்று வாசிக்கிறார்கள், ஒருவருக்கும் நாக்குத் தடுக்கவில்லை. என் பக்கத்தில் நின்ற இரண்டு பெண்களுக்கு மரண தண்டனை. ஒருத்திக்கு உன்னைவிட மூன்று வயதுதான் அதிகம். ஆகவே எனக்கு வாழ்த்து எழுதாதே.

சனிக்கிழமை இருபத்திரண்டாம் தேதி என்னைத் தெற்கே தோரெல்வா சிறைக்கு மாற்றுகிறார்கள். ஒலிவத் தோப்புகள் உள்ள ஊராம். ஆயிரம் கிலோமீட்டர். பரவாயில்லை. இங்கே இருபத்திரண்டு பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன், அங்கே முதலிலிருந்து ஆரம்பிப்பேன்.

இனி நான் சொல்வதைக் கேள். செலெடோ மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பிரான்ஸ் பக்கம் போகிறான். படகில் ஒரு ஆளுக்கு இடம் இருக்கிறது. பயோனில் உன் அத்தை இருக்கிறாள், அங்கே பள்ளிக்கூடம் இருக்கிறது. நான் வெளியே வரும்போது உனக்கு நாற்பத்தாறு வயது ஆகும். சிறை வாசலில் நின்று நின்று அந்த வயதுக்கு வராதே. உன்னைப் பள்ளியிலிருந்து நிறுத்தியது நான். அதைச் சரிசெய்ய என்னிடம் இருப்பது இந்த ஒரு இடம்தான். போ.

கம்பி வலைக்குப் பின்னால் நின்று பெனிக்னோவின் மருமகள் கத்தினாள், நீ "மாட்டேன்" என்று சொன்னது தேவாலயம் வரை கேட்டதாம். எனக்கு இங்கே கேட்கவில்லை என்பதுதான் குறை.

அம்மா


வில்லசால்
19 ஜூலை

அம்மா,

இது இங்கிருந்து உன் துணியில் வருகிற கடைசிக் கடிதம். நாளை கொடுத்துவிடுவேன், சனிக்கிழமை உன்னோடு ரயிலில் வரும்.

படகில் அந்த இடத்தை வேறு ஒருத்திக்குக் கொடுத்துவிட்டேன். பெயர் எழுதவில்லை. அவள் கணவனைக் காவலர்கள் தேடுகிறார்கள், அவள் இங்கே இருந்தால் அவளைப் பிடித்து அவனை வரவழைப்பார்கள். மடியில் ஒரு குழந்தை. செலெடோ மாமாவிடம் சொன்னேன். "கசில்டா என்னைக் கொன்னுடுவா," என்றார். "அவங்க உள்ள இருக்காங்க மாமா," என்றேன். சிரித்துவிட்டார். அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

பிறகு பெர்பெத்துவா அம்மாளிடம் போனேன். இந்தத் தடவை அவரே உட்காரச் சொன்னார். தோரெல்வாவில் அவருடைய ஒன்றுவிட்ட தம்பி ஒலிவக்காய் ஊறவைத்து ஜாடியில் அடைக்கிற பட்டறை வைத்திருக்கிறாராம். அவருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். மீன் அறுத்த கைக்கு ஒலிவக்காய் ஒன்றும் பெரிதல்ல, உப்புத் தண்ணீர் எல்லா ஊரிலும் ஒன்றுதான். கடிதத்தை ஒட்டாமல் கொடுத்ததால் படித்தேன். "இந்தப் பெண் அதிகம் பேசமாட்டாள். ஆனால் மாட்டேன் என்று சொன்னால், தயவுசெய்து கேட்டுக்கொள்ளவும்" என்று எழுதியிருக்கிறார்.

பயண அனுமதிச் சீட்டுக்குக் காவல் நிலையத்தில் மூன்று நாள் நின்றேன். எதற்குப் போகிறாய் என்று கேட்டார்கள். வேலைக்கு என்றேன். யாரைப் பார்க்க என்று கேட்டார்கள். அம்மாவை என்றேன். இரண்டையும் எழுதிக்கொண்டு முத்திரை குத்தினார்கள்.

பள்ளிக்கூடம் வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த இருபத்திரண்டு பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்ததை எனக்கும் எழுது. நான் ஒழுங்காகப் படிப்பேன். தப்பு இருந்தால் திருத்து.

நாற்பத்தாறு வயது என்றாய். ரொம்ப நேரம் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன், பயமாகத்தான் இருந்தது. ஆனால் முப்பது வருஷம் அவர்கள் சொல்கிற எண். அவர்கள் முப்பது வருஷம் இருப்பார்கள் என்று நீ எப்போதிலிருந்து நம்ப ஆரம்பித்தாய்?

செவ்வாய்க்கிழமை காலை எனக்குத் தோரெல்வா ரயில். நீ வேண்டாம் என்று எழுதுவாய், தெரியும். எழுது. அந்தக் கடிதம் வில்லசாலுக்கு வந்து சேரும்போது நான் இங்கே இருக்கமாட்டேன்.

ஒலாயா